புதுசைப் பழசாக்கிய பார்சல் பிள்ளை

பார்சல் பிள்ளையைப் போல இத்தனை புதுப் பொருள்களை அனுபவித்த மனிதர் எந்த அரண்மனையிலும் இருந்திருக்க மாட்டார். ரங்கூனுக்குப் போன கோட்டுகள், பினாங்குக்குப் போன பூட்ஸுகள், கொழும்புக்குப் போன குடைகள், டர்பனுக்குப் போன ஒரு ஹார்மோனியம், அத்தனையையும் முதன்முதலில் பயன்படுத்தியவர் அவர்தான். சொந்தமாக அவரிடம் இருந்தவை இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் ஒரு தகரப்பெட்டியும். அந்த வேட்டிகளின் நிறத்தைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவரோடு தினமும் பேசிய என் அப்பாவுக்கும் தெரியாது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அப்பா இரும்புக் கடை வைத்திருந்தார். கடையின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி ஒரு பலகை கிடக்கும். அதுதான் பிள்ளையின் ஆபீஸ். கோணி ஊசி, சணல் உருண்டை, அரக்குக் குச்சி, அரக்கில் குத்த ஒரு பித்தளை முத்திரை, இவ்வளவுதான் தொழில் கருவிகள். ஆணியும் தகரப் பட்டையும் வேண்டுமென்றால் எங்கள் கடைக்குள் கையை நீட்டி எடுத்துக்கொள்வார்.

யுத்தத்துக்கு முந்திய நாட்கள் அவை. சாலையில் கடை வைத்திருந்த தமிழர்களில் வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்து இருந்தார். மகன் ரங்கூனில் கணக்கு எழுதுவான், மருமகன் பினாங்கில் கடை வைத்திருப்பான், தம்பி கொழும்பில் இருப்பான். இங்கே உள்ளவர்கள் அங்கே உள்ளவர்களுக்கு எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அனுப்புவதற்கு முன்னால் பிள்ளையின் பலகைக்கு வந்து உட்கார வேண்டும். எதை எந்த வழியாக அனுப்புவது என்று அவர் முடிவு சொல்லும்வரை யாரும் சணலைத் தொடக் கூடாது.

"வலியதுறையிலே கப்பல் வந்து நிக்கி, அதிலே போட்டா என்ன?" என்று ஒருவர் கேட்பார்.

"போடும். யாரு வேண்டாம்னா? கப்பல் கரைக்கு வராது. தூரத்திலே நிக்கும். பாலத்து மேலேருந்து கயித்திலே கட்டி வள்ளத்திலே எறக்குவான். வள்ளத்திலேருந்து கப்பலுக்குத் தூக்குவான். அதுக்குள்ள ஒம்ம சாமான் கடல்ல குளிச்சு முங்கி எழுந்திரிச்சிரும். அண்டா குண்டான்னா அனுப்பும். அப்பளம்னா வேண்டாம்."

"தூத்துக்குடித் தோணி?"

"கூலி கொறைச்சல்தான். காத்து வரணும்லா? காத்து என்ன ஒம்ம மச்சினனா, சொன்னா வர?"

"அப்பம் கொழும்புக்குப் போற தெரிஞ்ச ஆள் யார் கையிலயாவது…"

இந்த இடத்தில் பிள்ளைக்கு முகம் சிவந்துவிடும். ஆள் கையில் கொடுத்து அனுப்புவது அவருக்கு அடியோடு பிடிக்காது. "ஆள் கையிலயா? முந்திரிக்கொத்து டின்னோட கொடுத்துவிட்டா அங்க டின்னு பத்திரமா போய்ச் சேரும் வே. அதுக்கு நீரு வெறும் டின்னே அனுப்பலாம்." கடைசியில் தபால் பார்சல்தான் ராஜபாட்டை என்று தீர்ப்பாகும். வந்தவர் அதைத்தான் முதலிலேயே நினைத்துக்கொண்டு வந்திருப்பார். ஆனாலும் பிள்ளையிடம் கேட்காமல் அனுப்பினால் போய்ச் சேராது என்று ஒரு நம்பிக்கை.

வழியைத் தேர்ந்தெடுப்பது சின்ன விஷயம். பெரிய விஷயம், அக்கரையில் இருக்கும் சுங்கக்காரன். பிள்ளை அவனை 'அவன்' என்றுதான் சொல்வார். ரங்கூன், பினாங்கு, கொழும்பு எல்லா ஊருக்கும் ஒரே 'அவன்'. பிள்ளை பிறந்ததிலிருந்து கடல் தாண்டியதில்லை. அவனை நேரில் பார்த்ததும் இல்லை. இருந்தாலும் பங்காளிச் சண்டை மாதிரி ஒரு தீராத பகை.

"பெத்தவ வெயில்ல காஞ்சு ஊறுகா போட்டு மகனுக்கு அனுப்புதா. அவன் இடையிலே கையை நீட்டித் தீர்வை கேக்குதான். எதுக்குன்னு கேக்குதேன்? அவன் மொளகா அரைச்சானா? மாங்கா நறுக்கினானா?"

தீர்வை கட்டவிடக் கூடாது என்பது பிள்ளையின் முதல் சபதம். பொய் எழுதக் கூடாது என்பது இரண்டாவது சபதம். பார்சலோடு போகும் சீட்டில் உள்ளே என்ன இருக்கிறது, என்ன மதிப்பு என்று எழுத வேண்டும். மற்றவர்கள் பட்டுத் துணியை நூல் துணி என்று எழுதினார்கள், பத்து ரூபாயை இரண்டு ரூபாய் என்று எழுதினார்கள். பிள்ளை எழுத மாட்டார். வாலிபத்தில் வலியதுறையில் ஒரு மிளகு வியாபாரியிடம் குமாஸ்தாவாக இருந்தாராம். மூட்டை எடையை முதலாளி சுங்கத்தில் குறைத்துச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற இவர் மரியாதையாகச் சரியான எடையைத் திருத்திச் சொன்னார். அதோடு குமாஸ்தா வேலை தீர்ந்தது. சபதம் மட்டும் மிஞ்சியது.

பொய்யும் கூடாது, தீர்வையும் கூடாது என்றால் மனிதன் எப்படிப் பிழைப்பது? பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். புதுச் சாமானுக்குத்தான் தீர்வை. உபயோகித்த சாமானுக்கு அநேகமாகக் கிடையாது. அப்படியானால் சாமானை உபயோகித்துவிட்டால் போயிற்று. 'பழசு' என்று எழுதினால் அது சத்தியம்.

அதனால்தான் சாலைக் கடைத்தெருவில் அந்தக் காட்சிகளெல்லாம் நடந்தன. ரங்கூன் மாப்பிள்ளைக்குத் தைத்த கம்பளிக் கோட்டைச் சித்திரை மாத உச்சி வெயிலில் மாட்டிக்கொண்டு பிள்ளை பலகையில் உட்கார்ந்திருப்பார். வியர்வை கணுக்காலில் சொட்டும். பினாங்குக்குப் போகிற பூட்ஸ் அவர் காலுக்குச் சின்னது. அதைப் போட்டுக்கொண்டு பழவங்காடி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டு, வெறுங்காலோடு நடக்கும்போதும் இரண்டு நாள் நொண்டினார். கொழும்பில் யாருக்கோ போகிற மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புறப்பட்ட அன்றைக்கு, எதிரே வந்த வாழைக்குலை வண்டியை வண்டி என்று அவர் ஒத்துக்கொள்ளவேயில்லை; குலைகள் தரையில் கிடந்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

குடை வந்தால் மழைக்காகக் காத்திருப்பார். மழை வராமல் குடையை விரித்தால் அது உபயோகமாகாது என்பது அவர் கட்சி. டர்பன் ஹார்மோனியத்தை மூன்று நாள் வாசித்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்துத் தவிட்டு மண்டிக்காரர் அப்பாவிடம் வந்து, "அண்ணாச்சி, அந்தத் தீர்வை எம்புட்டுன்னு சொல்லும், நான் கட்டிருதேன்" என்று கெஞ்சினார். பேதி லேகியம் ஒன்று ஒருமுறை வந்தது. பிள்ளை மனசாட்சிக்கு விரோதமில்லாமல் ஒரு கரண்டி சாப்பிட்டார். அந்த வாரம் சாலையிலிருந்து வேறு பார்சல் எதுவும் போகவில்லை.

தபாலாபீஸில் பார்சல் வாங்கும் நாயருக்கு இதெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. "எந்தா பிள்ளே, இன்னு கண்ணாடியோ, பூட்ஸோ?" என்று கேட்பார். பிள்ளை சிரிக்காமல், "கோட்டு. போட்டு நல்லா வேர்த்திருக்கு, மோந்து பாரும்" என்பார். நாயர் மோந்து பார்க்காமலே முத்திரை குத்துவார்.

இந்த நிலைமையில்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள்.

பெண் கோமதி. அவள் அப்பாவுக்கு ஊர் திருநெல்வேலி, கடை கொழும்பில். முந்திய ஆனியில் திருநெல்வேலித் தேரோட்டத்துக்கு அவர்கள் வந்திருந்தபோது நானும் அப்பாவும் போய்ப் பார்த்தோம். தேர் வடத்தில் கை வைத்து இழுப்பதாகப் பாவனை செய்துகொண்டு நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடம் நகர்ந்துவிட்டது, நான் நகரவில்லை. அவள் சிரித்துவிட்டாள். எனக்கு வேறு பெண் வேண்டாம் என்று அன்றைக்கே தீர்மானமாயிற்று.

இதில் ஒரே ஒரு இடைஞ்சல். கோமதிக்கு ஓர் அத்தை, அத்தைக்கு ஒரு மகன். முறைப்பையன் இருக்கும்போது வெளியில் கொடுப்பதா என்று அத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள் என்றும், ஒரு சின்னக் குறை கிடைத்தால் போதும், பேச்சை முறித்துவிடுவாள் என்றும் தரகர் எச்சரித்தார். நிச்சயதாம்பூலம் கொழும்பில் அவர்கள் வீட்டில், கல்யாணம் தையில் இங்கே என்று ஏற்பாடு. நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டுப் புடவை போக வேண்டும். அதைத்தான் பெண் உடுத்தி மணையில் உட்கார வேண்டும்.

அப்பா நேரில் போக மாட்டார். கொழும்பு போகிறவர்களை ராமேசுவரத்துக்கு முன்னால் மண்டபம் முகாமில் நிறுத்தி, உடம்புக்கு என்ன என்று பார்த்து, துணிகளைப் பிடுங்கி ஆவியில் வேக வைக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "இந்த வயசுல எனக்க வேட்டியைப் பிடுங்கி அவிக்கதுக்கா நான் டிக்கெட் எடுக்கணும்?" என்று மறுத்துவிட்டார். ஆகவே புடவையைப் பார்சலில் அனுப்புவது என்று முடிவாகி, அப்பா பலகைக்குப் போய் உட்கார்ந்தார். அரக்குச் சிவப்பில் அகலச் சரிகைக் கரை. பிள்ளை புடவையைப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தையே அப்பாவைத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணாச்சி, பட்டுக்கும் சரிகைக்கும் அவன் நல்லா தீட்டிருவான். சம்பந்தி பாடு திண்டாட்டம்தான்."

"சம்பந்திக்கு என்ன? அனுப்புதது நானு. தீர்வையும் நான்தானே கட்டணும்?"

"அனுப்புதவன் கட்ட முடியாது. அங்க போய் எறங்கின பொறகுதான் அவன் மதிப்புப் போடுவான். யாருக்குப் போகுதோ அவங்க பணத்தைக் கட்டிட்டுத்தான் பார்சலைத் தொடலாம். இது எல்லா ஊருக்கும் உள்ள சட்டம், கேட்டீரா."

அப்பா திகைத்துப்போனார். மாப்பிள்ளை வீட்டார் போடுகிற புடவைக்குப் பெண் வீட்டார் வரி கட்டி வாங்குவதா? அத்தை வாயில் அது எப்படி வரும் என்று நாங்கள் யோசித்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. புடவை போடக் கூட வக்கில்லாமல் பெண் வீட்டுக் காசிலேயே புடவை வாங்கிக் கொடுத்த மாப்பிள்ளை வீடு என்று கொழும்பு முழுக்கச் சொல்லிவிடுவாள்.

"பழசுன்னு எழுதினா?" என்றேன் நான்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நிச்சயப் புடவை கோடியாக இருக்க வேண்டும். ஒருவர் உடம்பில் பட்ட துணியைப் புதுப்பெண்ணுக்குப் போட முடியாது. பழசு என்று தெரிந்தால் அத்தைக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. புதுசாகப் போனாலும் கல்யாணம் நிற்கும், பழசாகப் போனாலும் நிற்கும்.

பிள்ளை இரண்டு நாள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சும்மா இருந்தார். அதற்குள் நான் கல்லாவில் உட்கார்ந்து இரண்டு முறை ஆணிக்குப் பதில் கீல் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் பிள்ளை துள்ளிக் குதித்துக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"அண்ணாச்சி, நம்ம முத்தாரம்மன் உடுத்தின பொடவை பழசாகுமா?"

"அம்மனுக்குச் சாத்தினதா? அது பிரசாதம்லா. அதுக்கு ஏது பழசு?"

"ஆனா உடுத்தினது உடுத்தினதுதானே?"

"உடுத்தினதுதான்."

"அம்புட்டுதான் வே! அங்க சம்பந்தி வீட்டுக்குக் கோடி. அவனுக்குப் பழசு. ரெண்டும் சத்தியம்."

வெள்ளிக்கிழமை புடவையை எடுத்துக்கொண்டு மூவரும் முத்தாரம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி வழக்கம்போலப் புடவையை அம்மன் தோளில் மடித்துச் சார்த்தப் போனார். பிள்ளை தடுத்துவிட்டார்.

"தோள்ல போட்டா சாத்தினதுதான். உடுத்தினதாகாது. கொசுவம் வச்சுக் கட்டும்."

"அம்மனுக்குப் பொடவை கட்ட எனக்கு நீரு சொல்லித் தாறீரா?"

"சொல்லித் தரலே. சட்டத்தைச் சொல்லுதேன்."

பூசாரி முணுமுணுத்துக்கொண்டே கொசுவம் வைத்துக் கட்டினார். அன்று முழுவதும் பிள்ளை தூணில் சாய்ந்துகொண்டு அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு அது பக்தியாகத் தெரிந்திருக்கும். மறுநாள் புடவை திரும்பி வந்தபோது அதில் குங்குமம், சந்தனம், ஓர் ஓரத்தில் எண்ணெய்க் கறை. பிள்ளை கறையைத் தடவிப் பார்த்து, "இனி எவன் புதுசுன்னு சொல்லுவான்?" என்றார். எனக்கு அப்போதுதான் சோறு இறங்கியது.

தபாலாபீஸில் சீட்டு எழுதும்போது மறுபடி யோசனை. 'ஒரு முறை உடுத்தியது' என்று மட்டும் எழுதினால், யார் உடுத்தியது என்று அத்தை கேட்பாள். ஆகவே உடுத்தியவர் பெயரையும் எழுதிவிடுவதென்று பிள்ளை தீர்மானித்தார். சீட்டில் இடம் குறைவு. இங்கிலீஷில் குறுக்கி எழுதினார்: ஒரு பட்டுப் புடவை, ஒரு முறை உடுத்தியது, உடுத்தியவர் முத்தாரம்மன், சாலை, திருவனந்தபுரம்.

நாயர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "தேவிக்கு அட்ரஸும் உண்டோ பிள்ளே?"

"பின்னே? வீடு மாத்தினதே கிடையாது. ஒம்மைப் போல வாடகை வீடா?"

நாயர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். பார்சல் தூத்துக்குடி வழியாகப் புறப்பட்டது.

நிச்சயத்துக்குச் சில நாள் இருக்கும்போது கொழும்பிலிருந்து தந்தி வந்தது. புடவை வரவில்லை, அத்தை பேசத் தொடங்கிவிட்டாள், என்ன செய்யலாம் என்று கோமதியின் அப்பா கேட்டிருந்தார். அப்பா தந்தியைப் பிள்ளையிடம் கொடுத்தார். பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேரே கோயிலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். நடைக்கு வெளியே நின்று அம்மனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் உடுத்தத் தந்தா நீயே வச்சுக்கிடுவியா? பிள்ளைக கலியாணம் தாயே, வெளையாட்டா?"

என்னைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினார். "தம்பி, இது மொடங்கிச்சுன்னா எனக்க ஊசியைக் கொண்டு போய் வலியதுறைக் கடல்ல போட்டுருவேன்." மறுநாளிலிருந்து அவர் எந்தப் பார்சலும் தைக்கவில்லை. ரங்கூனுக்கு முறுக்குக் கொண்டு வந்த அம்மாளைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் கடையில் உட்கார்ந்து தபால்காரர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்த நாட்கள் வேறு இல்லை.

அக்கரையில் நடந்ததைக் கோமதியும் அவள் அப்பாவும் பிற்பாடு சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கொழும்புச் சுங்கத்தில் பார்சலைப் பிரித்தார்கள். கறையைப் பார்த்தார்கள். உடுத்தியதுதான், தீர்வை கிடையாது என்று ஒத்துக்கொண்டார்கள். பிள்ளை ஜெயித்துவிட்டார். ஆனால் பழந்துணி என்றால் நோய் கண்டவர் துணியா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பிள்ளை யோசித்திருக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி தன் தமிழ்க் குமாஸ்தாவைக் கூப்பிட்டு, இந்த முத்தாரம்மன் என்கிற அம்மாள் யார், உடம்புக்கு ஏதும் உண்டா என்று விசாரித்தார்.

குமாஸ்தா படித்த பையன். எதையும் விவரமாகச் சொல்லுகிறவன். அவள் பெண் இல்லை, தெய்வம் என்றான். அம்மை போட்டால் முத்துப் போட்டிருக்கிறது என்போம், அந்த முத்துக்கெல்லாம் உடையவள் இவள்தான், வைசூரிக்கே அதிபதி என்றான். அதிகாரி கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். அந்த மாதம் கொழும்பில் வைசூரிப் பயம். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, புடவையைக் கோலால் தூக்கச் சொன்னார். அப்பா எதற்குப் பயந்து கொழும்புக்குப் போகாமல் இருந்தாரோ அது அவர் வாங்கிய புடவைக்கு நடந்தது. ஆவியில் வேக வைத்து, மருந்து தெளித்து, உலரப் போட்டுவிட்டார்கள்.

நிச்சயத்தன்று காலையில், சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்த பிறகு, புடவை வந்து சேர்ந்தது. பிரித்தவுடன் கூடம் முழுக்க மருந்து வாடை. சரிகை சுருங்கிப் போயிருந்தது. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"இது என்னம்மா ஆசுபத்திரி வாடை! எவளோ உடுத்திக் கழிச்ச பழம்பொடவை. எந்தம்பி மவளுக்கு இதைக் கட்டிவிடவா? போதும், இந்தச் சம்பந்தமே வேண்டாம்."

கோமதியின் அப்பா சீட்டை எடுத்துப் படித்தார். படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அக்கா, முத்தாரம்மன் உடுத்தினதுன்னு போட்டிருக்கு."

அந்தத் தெருவிலேயே இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கிக்கொண்டிருந்த சமயம். கோமதி அதுவரை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவள், நிமிர்ந்தாள்.

"பொடவை வேண்டாம்னு அம்மன்கிட்ட நீங்க சொல்லுதீங்களா அத்தே, இல்லே நான் சொல்லட்டுமா?"

அத்தை மூக்கிலிருந்த கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அவளே மஞ்சள் குங்குமம் எடுத்து வந்து புடவைக்கு வைத்தாளாம். கோமதி அதை உடுத்திக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். ஆவியில் வெந்த அரக்குச் சாயம் அவள் கையிலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டது. அடுத்த அமாவாசை வரைக்கும் போகவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பிள்ளை முதல் பந்தியில் உட்கார்ந்தார். கோமதி வந்து நமஸ்காரம் செய்தபோது ஆசீர்வாதத்துக்கு முன்னால் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அம்மா, தீர்வை எம்புட்டு கட்டினாங்க?"

"ஒண்ணுமே கட்டலே மாமா. ஆவியிலதான் வச்சிட்டாங்க."

"ஆவியில வச்சானா? அப்பம் ரெண்டு மடங்கு பழசு" என்று சொல்லிவிட்டு, பிள்ளை பாயசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

தலைதீபாவளிக்கு நாங்கள் கொழும்பு போனோம். கடைத்தெருவில் ஜப்பான் பட்டுத் துண்டு ஒன்று கண்ணில் பட்டது. பிள்ளைக்கு என்று வாங்கினேன். கையில் கொண்டு வந்து கொடுத்திருக்கலாம்தான். ஆனால் ஊர் முழுவதற்கும் பார்சல் தைத்த மனிதருக்கு ஒரு பார்சலும் வந்தது கிடையாது என்று எனக்குத் தெரியும். அவர் தீர்வை கட்ட வேண்டாமே என்று, அவர் வழியிலேயே துண்டைப் பழசாக்கி அனுப்ப நினைத்துத் தோளில் போடப் போனேன். கோமதி அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"எல்லாருக்க புதுசையும் அவரு போட்டுப் பழசாக்கி அனுப்புதாரு. அவருக்குன்னு ஒருத்தர் புதுசா ஒண்ணு அனுப்ப வேண்டாமா? தீர்வை வந்தா வரட்டும்."

சீட்டில் 'புதியது' என்று எழுதி, முழு விலையையும் போட்டோம்.

நாங்கள் திரும்பி வந்தபோது சாலை முழுக்க அதே பேச்சு. பார்சல் வந்திருக்கிறது, தீர்வை கட்ட வேண்டும் என்று நாயர் ஆள் அனுப்பினாராம். இன்றைக்குத் தபாலாபீஸில் பெரிய ரகளை நடக்கும் என்று பார்க்க ஒரு கூட்டமே போயிருக்கிறது. பிள்ளை பணத்தை எண்ணிக் கட்டினார். "நல்லாப் பாத்துக்கிடும் நாயரே, கொறைச்சு வாங்கிப்போடாதேயும்" என்று மட்டும் சொன்னாராம். பிறகு பார்சலைப் பிரிக்காமல் கையில் ஏந்திக்கொண்டு கிழக்கேகோட்டையிலிருந்து கடைசிக் கடை வரைக்கும் நடந்தார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஒரே பதில்: "கொழும்புச் சாமான். எனக்கு வந்தது. புதுசு. தீர்வை கட்டியிருக்கேன்."

அந்தத் துண்டை அவர் போட்டு யாரும் பார்க்கவில்லை. நான் ஒருநாள் கோபித்துக்கொண்டேன்.

"போட்டா பழசாயிரும்லா தம்பி" என்றார்.

பிறகு யுத்தம் வந்தது. கப்பல்கள் நின்றன. ரங்கூனிலிருந்தவர்கள் நடந்தே ஊருக்கு வந்தார்கள். பலகையில் வேலை இல்லை. ஆனாலும் பிள்ளை தினமும் வந்து ஊசியைத் துடைத்துவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். யுத்தம் முடிவதற்கு முன்பே ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலாகப் படுத்தார், எழுந்திருக்கவில்லை.

எடுக்கிற நேரம் வந்தபோது கோடித் துணி போட உறவு என்று யாரும் வரவில்லை. எங்கிருந்து வருவார்கள், பெயரே தெரியாதபோது? கடையிலிருந்து ஒரு வேட்டி வாங்கி வரலாமா என்று யாரோ கேட்டார்கள். அப்பா பிள்ளையின் தகரப்பெட்டியைத் திறந்தார். துண்டு மடிப்புக் கலையாமல், தீர்வைச் சீட்டோடு அப்படியே இருந்தது. "நீ என்ன முறை?" என்று சடங்கு செய்ய வந்தவர் என்னைக் கேட்டார். கோமதி, "போடுங்க" என்றாள். போட்டேன்.

அக்கரையில் அவன் நிறுத்திக் கேட்டாலும் பிள்ளை பொய் சொல்ல வேண்டியதில்லை. புதுசு, தீர்வை கட்டியது.